எடுக்கலையா? ஏன்னு கேட்டுட்டு வா, கண்ணு

இன்டர்வியூ முடிந்து பத்து நாளாகியும் போன் வரவில்லை என்றால், வேலை இல்லை என்று நீயே முடிவு கட்டிவிடுகிறாய். பாதி நேரம் அது சரியாகத்தான் இருக்கும். மீதி நேரம் மேனேஜர் திருப்பதி போயிருப்பார். முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைப்பதில் ஆபீஸே ஓடிக்கொண்டிருக்கும். உன் பயோடேட்டா ஏதோ ஒரு மேசையில் பில் கட்டுக்கு அடியில் கிடக்கும். நாமக்கல் பக்கம் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறவள் நான். நீ கதவைச் சாத்திவிட்டுப் போன பிறகு உள்ளே என்ன பேசுகிறார்கள் என்பது தெரியும். அதனால் ஆறுதல் பேச்சை விட்டுவிட்டுக் கைக்கு உதவுகிற மாதிரி சிலது சொல்கிறேன்.

ஏன் எடுக்கவில்லை என்று அவர்கள் சொல்லாதபோது நீயே ஒரு காரணத்தை வைத்துக்கொள்கிறாய், பார், அதில்தான் ஆபத்து. நிறம், காலேஜ் பேர், தமிழ் மீடியம், அப்பா தறி ஓட்டுவது என்று எது ஏற்கெனவே மனசை உறுத்திக்கொண்டிருந்ததோ அதுவே காரணமாகிவிடும். உள்ளே இருந்தவர்கள் பெரும்பாலும் அதைப் பேசியிருக்கவே மாட்டார்கள். காரணத்தைக் கேட்டு வாங்கு. கேட்டும் கிடைக்கவில்லையா, 'தெரியாது' என்றே விட்டுவிடு. தெரியாத இடத்தில் உன்மேல் பழி எழுதாதே.

பஸ்ஸிலேயே எழுதிவிடு

கேட்டு வாங்குவதற்கு முன்னால், கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கணும். சேலம் புது பஸ் ஸ்டாண்டில் ஏறி ராசிபுரம் இறங்குவதற்குள், அல்லது திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரி வருவதற்குள், இன்டர்வியூவில் கேட்டதை எல்லாம் போனிலேயே எழுதிவிடு. ராத்திரி சாப்பிட்டுவிட்டு எழுதலாம் என்று வைத்தால் பாதி மறந்துபோகும். மீதியில் உன் வருத்தம் கலந்திருக்கும்.

கேள்வியையும் பதிலையும் எழுதினால் மட்டும் போதாது. எந்தப் பதிலுக்குப் பிறகு அவர்கள் மேலும் கிளறினார்கள், எந்தப் பதிலோடு தலையாட்டிவிட்டு வேறு பக்கம் போனார்கள் என்று குறி. ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் பற்றி ஒரே கேள்வியோடு நிறுத்திவிட்டு டேலிக்குத் தாவினார்கள் என்றால் அங்கே உன் பதில் நிற்கவில்லை என்று அர்த்தம். எப்போது சேர முடியும், எங்கே தங்குவாய், எவ்வளவு எதிர்பார்க்கிறாய் என்று கேட்டிருந்தால் உன்னை உண்மையாகவே யோசித்திருக்கிறார்கள். வேண்டாம் என்று நினைத்த ஆளிடம் ஹாஸ்டல் பற்றி யாரும் மெனக்கெட்டுப் பேச மாட்டார்கள்.

கூடவே, வீட்டில் சொல்ல ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்துக்கொள். நம் பக்கம் இன்டர்வியூவை விடப் பெரிய இன்டர்வியூ தெருவில் நடக்கும். "ஏங்கண்ணு, அந்தக் கம்பெனி என்னாச்சு?" என்று பால் ஊற்றப்போன இடத்தில்கூடக் கேட்பார்கள். "இன்னும் சொல்லலீங்க, சொன்னா நானே வந்து சொல்றனுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு நகர்ந்துவிடு. ஒவ்வொருத்தருக்கும் முழுக்கதை சொன்னால் ஒவ்வொரு தடவையும் நீ புதிதாகத் தோற்கிறாய்.

உள்ளே என்ன பேசுகிறார்கள்

எல்லா மேடையிலும் அப்துல் கலாம் விமானப்படைத் தேர்வில் தவறிய கதையைச் சொல்வார்கள். விடாமுயற்சிக்கு உதாரணமாகச் சொல்வார்கள். அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அதில் உள்ள கணக்கு. டேராடூனில் தேர்வுக்கு வந்தவர்கள் 25 பேர். காலியிடம் 8. கலாம் வந்தது ஒன்பதாவது. ஒன்பதாவதாக வந்தவரிடம் என்ன குறை என்று தேடினால் எதையாவது கண்டுபிடித்துவிடலாம். ஆனால் எட்டுக்குப் பதில் ஒன்பது இடம் இருந்திருந்தால் அந்தக் குறையை யாரும் தேடியிருக்க மாட்டார்கள்.

நம் ஊரில் காலியிடம் எப்படிக் காணாமல் போகிறது என்று உனக்குத் தெரிந்திருக்கணும். முட்டை விலை தொடர்ந்து இறங்கினால் நாமக்கல்லில் பண்ணைக்காரரும் தீவன ஆலைக்காரரும் புது ஆளைத் தள்ளிப்போடுவார்கள். லாரி பாடி கட்டும் பட்டறையில் ஆர்டர் குறைந்தால் ஆபீஸில் இருக்கும் பில்லிங் பெண்ணையே இரண்டு வேலை பார்க்கச் சொல்வார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டபோது, ஜவுளி ஏற்றுமதி ஆபீஸ்களில் போய் வேலை கேட்டவர்களைத் திறமை குறைவு என்று சொல்ல முடியுமா? ஐ.டி. பக்கமும் அப்படித்தான். 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஆட்களில் சுமார் 2 சதவீதம், அதாவது பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அந்த வருஷம் காலேஜ் முடித்து வந்தவள் தன் ரெஸ்யூமை மட்டும் திருத்தித் திருத்திப் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன பிரயோசனம்?

அப்புறம் தூரம். இது நம் பக்கம் அடிக்கடி வரும் காரணம், யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஷிஃப்ட் ராத்திரி எட்டரைக்கு முடிகிறது, இந்தப் பொண்ணு எடப்பாடிக்கு உள்ளே ஏதோ ஒரு ஊர், கடைசி டவுன் பஸ்ஸைப் பிடிக்குமா என்று ஒருத்தர் கேட்பார். இன்னொருத்தர் உதட்டைப் பிதுக்குவார். அவ்வளவுதான், பேர் கீழே இறங்கிவிடும். அதனால் அவர்கள் கேட்காவிட்டாலும் இன்டர்வியூ முடியும்போது நீயே சொல்லிவிடு: "எங்க ஊருக்கு ஒன்பதே முக்கால் வரைக்கும் பஸ் இருக்குதுங்க சார். இல்லைன்னா சேலத்துல சித்தி வீடு இருக்குது, தங்கிக்குவேனுங்க." இதைச் சொன்னதனாலேயே பேர் மேலே ஏறியதை நான் பார்த்திருக்கிறேன்.

யாரிடம், எப்போது, எப்படி

பதில் வந்த அன்றைக்கே போன் பண்ணாதே. உன் குரலில் அழுகை இருக்கும், இல்லை கோபம் இருக்கும். இரண்டும் எதிரில் இருப்பவரைத் தற்காப்புக்குத் தள்ளிவிடும். இரண்டு மூன்று நாள் விடு. ரொம்பவும் தள்ளிப்போட்டால் உன் முகமே அவர்களுக்கு மறந்துபோகும். பதிலே வரவில்லை என்றால், அவர்கள் சொன்ன தேதியிலிருந்து ஒரு வாரம் பொறுத்துவிட்டு, முடிவாகிவிட்டதா என்று மட்டும் முதலில் கேள். முடிவு தெரியாமலே "என் குறை என்ன" என்று கேட்டால் நீயே உன்னைத் தோற்கடித்த மாதிரி ஆகிவிடும்.

உன்னை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டவர் யாரோ அவரிடம்தான் கேட்கணும். எம்.டி. நம்பரைத் தேடிப்பிடித்து வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதாதே. பெரிய கம்பெனி, சேலம் பி.பி.ஓ., ஐ.டி. ஆபீஸ் என்றால் மெயில். ட்ரான்ஸ்போர்ட் ஆபீஸ், ரிக் வண்டி ஆபீஸ், ஜவ்வரிசி ஆலை, கொலுசு வியாபாரம் மாதிரி இடங்களில் மெயிலை யாரும் திறக்க மாட்டார்கள், போன்தான். போன் என்றால் காலை பதினொன்றுக்கு மேல், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால். திங்கட்கிழமையும் மாசக் கடைசியும் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, அப்பாவை வைத்துக் கேட்கச் சொல்லாதே. நம் பக்கம் பொண்ணோடு அப்பாவோ அண்ணனோ துணைக்கு வருவது வழக்கம், வாசலில் வண்டியோடு நிற்கட்டும், தப்பில்லை. ஆனால் "எம் பொண்ணை ஏனுங்க எடுக்கலை?" என்று அப்பா போன் பண்ணினால் எதிரில் இருப்பவர் மரியாதைக்கு இரண்டு வார்த்தை சொல்லி வைத்துவிடுவார். உண்மையான காரணத்தை ஒரு தகப்பனிடம் எவரும் சொல்வதில்லை.

இப்போது கேட்கிற விதம். "என்னை ஏன் எடுக்கலை?" என்று கேட்காதே. அந்தக் கேள்வி வந்ததும் எங்களுக்கு முதலில் வருவது பயம். இந்தப் பெண் வாதாடுவாளோ, புகார் கொடுப்பாளோ, பேசுவதைப் பதிவு பண்ணுகிறாளோ என்று. உடனே பொதுவான ஒரு பதிலுக்குள் போய் ஒளிந்துகொள்வோம். முடிவை மாற்றச் சொல்லவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டால் எதிரில் இருப்பவருக்கு மூச்சு வரும். அதற்குப் பிறகு சின்னதாக, பதில் சொல்வதற்குச் சுலபமாக ஒரே ஒரு கேள்வி கேள். நீ பஸ்ஸில் எழுதி வைத்தது இங்கேதான் உதவும்.

மெயில் என்றால் இந்த அளவு போதும்:

"வணக்கம் மேடம். கடந்த வாரம் அக்கவுண்ட்ஸ் வேலைக்கு இன்டர்வியூ வந்திருந்தேன். நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. உங்கள் முடிவை ஏற்றுக்கொள்கிறேன். அடுத்த இன்டர்வியூவுக்குத் தயாராக எனக்கு ஓர் உதவி வேண்டும். ஸ்டாக் ரீகன்சிலியேஷன் கேள்வியில் என் பதில் போதவில்லை என்று தோன்றியது. அதுதான் குறையா, அல்லது வேறு எதிலாவது நான் கவனம் வைக்க வேண்டுமா? ஒரு வரியில் சொன்னாலும் போதும்."

இங்கிலீஷில் எழுதணும் என்றாலும் இதே நீளம்தான். 'எனக்கு இந்த வேலை எவ்வளவு முக்கியம் தெரியுமா' என்று ஆரம்பிக்கும் மெயிலுக்குப் பதில் எழுத எந்த ஹெச்.ஆருக்கும் தெம்பு கிடையாது.

போன் என்றால்: "சார், போன வாரம் பில்லிங் வேலைக்கு வந்திருந்தேனுங்க. வேற ஆள் எடுத்துட்டீங்கன்னு தெரியுமுங்க. அதைப் பத்திக் கேக்கலீங்க. நான் எதைக் கத்துக்கிட்டு வந்தா நல்லா இருக்கும்னு ஒரு நிமிஷம் சொல்ல முடியுங்களா?" இதைக் கேட்டபிறகு வாயை மூடிக்கொள். அவர் சொல்வது தப்பாகவே இருக்கட்டும். "இல்லைங்க சார், எனக்கு அது தெரியும், அன்னைக்குப் படபடப்பு" என்று ஆரம்பித்தால் அவர் உடனே நிறுத்திவிடுவார். நன்றி சொல்லிவிட்டு வை. வைத்ததும் எழுது.

சிபாரிசு பற்றியும் சொல்லிவிடுகிறேன். யாரோ மாமா சொல்லித்தான் அந்த இன்டர்வியூவே கிடைத்தது என்றால், வேலை கிடைக்காததும் அந்த மாமா மேல் வருத்தப்பட்டு ஒதுங்கிவிடாதே. நம் ஊரில் உண்மைக் காரணம் மெயிலில் வராது, சிபாரிசு செய்தவர் வழியாகத்தான் வரும். "மாமா, அவங்க என்ன சொன்னாங்கன்னு அப்படியே சொல்லுங்க, நான் வருத்தப்பட மாட்டேன்" என்று கேள். சிபாரிசால் கிடைக்கும் வேலையை விட இப்படிக் கிடைக்கும் தகவலுக்கு மதிப்பு அதிகம் என்பது என் கட்சி.

டீச்சர் வேலைக்குப் போகிறவளா நீ? உனக்குத்தான் ரொம்பச் சுலபம். நாமக்கல், ராசிபுரம் பக்கத்துப் பள்ளிகளில் டெமோ கிளாஸ் வைப்பார்கள். கிளாஸ் முடிந்து பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சீனியர் டீச்சர் எழுந்து வெளியே வரும்போதே கேட்டுவிடு: "மேடம், போர்டு வேலையா, குரலா, பசங்களைக் கேள்வி கேட்ட விதமா, எதைச் சரி பண்ணணும்?" அந்த நேரத்தில் மனசில் உள்ளது அப்படியே வாயில் வரும். முடிவு சொன்னபிறகு கேட்டால் ஆபீஸ் பதில்தான் கிடைக்கும்.

வந்த பதிலைப் படிக்கிற விதம்

"எக்ஸ்பீரியன்ஸ் பத்தலை" என்று ஃப்ரெஷர் வேலைக்கே சொன்னார்கள் என்றால், அனுபவம் உள்ள ஆள் அதே சம்பளத்துக்குக் கிடைத்துவிட்டார் என்று அர்த்தம். "ஓவர் குவாலிஃபைடு" என்றால் நீ நாலு மாசத்தில் வேறு வேலை கிடைத்துப் போய்விடுவாய் என்ற பயம். எம்.காம். படித்துவிட்டு கேஷியர் வேலைக்குப் போகிறவர்கள் அங்கே இரண்டு வருஷமாவது இருப்பேன் என்பதற்கு ஒரு காரணம் சொல்லப் பழகணும். "பிறகு கூப்பிடுகிறோம்" என்பதில் ஒன்றுமே இல்லை, அதைப் பிரித்துப் பார்த்துக்கொண்டு உட்காராதே.

"கம்யூனிகேஷன் சரியில்லை" என்பதைத்தான் கொஞ்சம் நின்று பார்க்கணும். இந்த ஒரு பதிலைக் கேட்டு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பணம் கட்டியவர்கள் சேலம் ஐந்து ரோடு முழுக்க இருப்பார்கள். அமெரிக்கக் கிளையன்ட்டோடு போனில் பேசும் வேலை என்றால் இங்கிலீஷ் வேண்டும், மறுக்கவில்லை. மற்ற வேலைகளில் அந்த வார்த்தையைச் சொல்கிறவர் பெரும்பாலும் வேறொன்றைச் சொல்கிறார். "உங்க ப்ராஜெக்ட் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டால் தலைப்பை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவது. மனப்பாடம் பண்ணிய 'செல்ஃப் இன்ட்ரோ' நடுவில் அறுந்ததும் முதலிலிருந்து ஆரம்பிப்பது. கேள்வி புரியாதபோது "புரியலீங்க, திரும்பச் சொல்லுங்க" என்று கேட்காமல் எதையோ சொல்வது. கேட்டவர் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்ப்பது. தமிழில் கேட்டாலும் இதேதான் நடந்திருக்கும்.

இதில் நம் பக்கத்துப் பள்ளிப் படிப்புக்கும் பங்கு உண்டு. பிளஸ் டூ மதிப்பெண்ணுக்குப் பேர்போன மாவட்டம் நம்முடையது. காலையிலிருந்து ராத்திரி வரை டெஸ்ட் எழுதி வளர்ந்த பிள்ளைக்கு எழுதத் தெரியும். எதிரில் ஒருத்தர் உட்கார்ந்து "ஏன் அப்படி?" என்று கேட்டால் என்ன செய்வதென்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால் "கம்யூனிகேஷன்" என்று பதில் வந்தால் அதோடு விடாதே, அதே மூச்சில் இன்னொரு கேள்வி கேள்: "இங்கிலீஷா சார், இல்லை நான் விளக்கிச் சொன்ன விதமா?" இரண்டாவது என்று வந்தால் வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டாம். தினம் சாயங்காலம் அன்றைக்குச் செய்த ஒரு வேலையை அம்மாவுக்கு விளக்கிச் சொல். அம்மா மூன்று தடவை "ஏன்?" என்று கேட்கணும், அதற்கும் பதில் சொல்லணும். தறிப்பட்டறையில் ஒரு நூல் அறுந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று உனக்கு விளக்கத் தெரியும் என்றால் டேலியில் ஒரு தப்பை எப்படிக் கண்டுபிடித்தாய் என்றும் விளக்கத் தெரியும்.

காரணமே சரியில்லை என்றால்

"கல்யாணம் எப்போ?" என்று கேட்காத இன்டர்வியூ நம் பக்கம் குறைவு. கல்யாணம் ஆனவளிடம் "குழந்தை?" என்பார்கள். இந்தக் காரணத்தால் விலக்கப்பட்டால் நீ திருத்திக்கொள்ள வேண்டியது எதுவும் இல்லை. 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பொருத்தும் வேலைக்குக் கல்யாணமான பெண்களை எடுக்காமல் தவிர்க்கிறார்கள் என்பது செய்தி. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது. பாகுபாடு காட்டவில்லை என்றது கம்பெனி. அதே வருஷம் நவம்பரில், ஆள் பிடித்துக்கொடுக்கும் ஏஜென்சிகளிடம் விளம்பரத்தில் வயது, கல்யாணம் பற்றிய வரிகளை நீக்கும்படி ஃபாக்ஸ்கான் சொன்னதாகவும் ராய்ட்டர்ஸே எழுதியது.

சட்டத்தைப் பொறுத்தவரை, ஒரே மாதிரி வேலைக்கு ஆள் எடுக்கும்போது பெண் என்பதற்காகப் பாகுபாடு கூடாது என்று 1976-ம் வருஷ சம ஊதியச் சட்டமே சொன்னது. அதன் இடத்தில் வந்திருக்கும் 2019-ம் வருஷ ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. கல்யாணத்தைக் காரணமாக்கி விலக்கக் கூடாது என்று பேர் சொல்லித் தடுக்கும் வரி அதில் இல்லாதது பெரிய ஓட்டை. இன்டர்வியூவிலேயே சண்டை போடு என்று சொல்ல மாட்டேன். "வேலையைப் பாதிக்கிற மாதிரி எதுவும் இல்லைங்க சார், ஷிஃப்டுக்கு நான் தயார்" என்று வேலைப் பக்கமாகத் திருப்பிவிடு. அதற்குப் பிறகும் அதையே கிண்டினால், அந்த இடத்தில் லீவு கேட்கும்போது என்ன பாடு படுவாய் என்பது உனக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது.

அரசு வேலையில் கேட்கிற முறை வேறு

தனியார் கம்பெனி பதில் சொல்லணும் என்று நம் நாட்டில் கட்டாயம் இல்லை. பிரிட்டனில் வேலை தேடும் நம் பிள்ளைகள் தங்களைப் பற்றி இன்டர்வியூவில் எழுதிய குறிப்புகளைத் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி கேட்டு வாங்கலாம். இங்கே அந்த வழி அரசுப் பக்கம் மட்டும் திறந்திருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, மனுக் கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். 2011-ல் உச்ச நீதிமன்றம், தேர்வு எழுதியவர் தன் விடைத்தாளைப் பார்க்கலாம் என்றது. 2016-ல் கேரளத் தேர்வாணைய வழக்கில், நேர்முகத் தேர்வு மதிப்பெண்ணையும் தரலாம், மதிப்பெண் போட்டவர் யார் என்பதை மட்டும் சொல்ல வேண்டாம் என்றது. 2018-ல் யு.பி.எஸ்.சி. முதல்நிலைத் தேர்வு விவரங்களைக் கேட்டபோது, கேட்டதற்காகவே எல்லாவற்றையும் கொடுத்துவிட முடியாது என்றும் சொல்லியிருக்கிறது. மனுவில் "ஏன்" என்று எழுதாதே. அவர்கள் ஏட்டில் இருப்பதை மட்டும்தான் தருவார்கள், காரணம் சொல்லும் கடமை அவர்களுக்கு இல்லை. "என் நேர்முகத் தேர்வு மதிப்பெண் எவ்வளவு, என் பிரிவில் கடைசியாகத் தேர்வானவரின் மொத்த மதிப்பெண் எவ்வளவு" என்று எழுது.

பேங்க் பி.ஓ. தேர்வில் இந்த மனுவே தேவையில்லை. ஐ.பி.பி.எஸ். மெயின்ஸுக்கு 80, நேர்முகத்துக்கு 20 என்ற விகிதத்தில் சேர்த்து, மதிப்பெண்ணை அதுவே வெளியிடும். இன்டர்வியூ என்றாலே நடுங்குகிறவளாக இருந்தால் இதையும் கேட்டுக்கொள்: 2016 ஜனவரி 1 முதல் மத்திய அரசின் கெசட்டட் அல்லாத பி பிரிவு, சி பிரிவு வேலைகளுக்கு நேர்முகத் தேர்வே கிடையாது. யு.பி.எஸ்.சி.யில் கடைசிச் சுற்று வரை வந்து தவறியவர்களின் விவரத்தை, அவர்கள் சம்மதித்தால் மற்ற நிறுவனங்கள் பார்த்து வேலைக்கு எடுக்கலாம். 'பிரதிபா சேது' என்று இப்போது அதற்குப் பெயர். தோற்றவர் பட்டியலுக்கும் ஒரு உபயோகம் உண்டு என்று ஒரு அலுவலகமாவது யோசித்திருக்கிறதே.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வெள்ளிக்கிழமைகளில் நடக்கும் தனியார் துறை முகாமை மறந்துவிடாதே, சேலத்தில் கோரிமேட்டில். அங்கே எனக்குப் பிடித்தது என்னவென்றால் ஒரே காலையில் நாலைந்து கம்பெனி மேசைகளில் உட்காரலாம். வேண்டாம் என்று சொன்ன மேசையிலேயே எழுந்திருக்கும்முன் "எதைச் சரி பண்ணணும் சார்?" என்று கேட்டுப் பழகலாம். மூன்று மேசையில் ஒரே பதில் வந்தால் அது உண்மை. மூன்று மேசையில் மூன்று பதில் வந்தால் ஆளாளுக்கு ஒரு கணக்கு, போய்ச் சாப்பிடு.

வேலை கிடைக்காத வாரத்தில் புது நம்பரிலிருந்து வரும் போனில் ஜாக்கிரதை. "உங்க புரொஃபைல் ஷார்ட்லிஸ்ட் ஆயிருக்கு, யூனிஃபார்முக்கும் டிரெய்னிங்குக்கும் டெபாசிட் கட்டுங்க" என்பார்கள். வேலை தருகிறவன் உன்னிடம் பணம் கேட்டால் அவன் வேலை தருகிறவன் இல்லை. கட்டிவிட்டாய் என்றால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 1930-க்கு போன் பண்ணு. ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை எந்த ஆபீஸிலும் விட்டுவிட்டு வராதே, "வெரிஃபை பண்ணிட்டுத் தர்றோம்" என்றாலும்.

நன்றி சொல்லி அனுப்பும் அந்தச் சின்ன மெயிலுக்கு எங்கள் பக்கம் என்ன பலன் என்று கேட்பாய். தேர்வான ஆள் சேராமல் போவது, சேர்ந்து முதல் மாசத்திலேயே நின்றுவிடுவது நம் ஊர் ஆபீஸ்களில் சாதாரணம். ஒருத்திக்கு வீட்டில் விட மாட்டார்கள், ஒருத்திக்குக் கோயம்புத்தூரில் வேறு வேலை கிடைத்திருக்கும். அப்போது மறுபடி விளம்பரம் போட்டு, மறுபடி இருபது பேரை உட்காரவைக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? "போன தடவை வந்துட்டு மரியாதையா மெயில் போட்டுச்சே, அந்தப் பொண்ணைக் கேளுங்க" என்றுதான் பேச்சு வரும். மூன்று வாரம் கழித்து, நீ மாடு பிடித்துக் கட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் போன் வரும். அப்போது "அன்னைக்கு ஏன் எடுக்கலை?" என்று ஆரம்பித்துவிடாதே. கைக்கு வரும் சம்பளம் எவ்வளவு, பி.எஃப். பிடித்தம் போகவா, ஷிஃப்ட் எத்தனை மணிக்கு முடியும், கம்பெனி வண்டி எது வரைக்கும் வரும் என்று கேள். சேருகிற தேதியை அவர்கள் சொன்னதும், அதை எழுத்தில் அனுப்பச் சொல்லிவிட்டு வை.